மிக்-21 சத்தத்தை எழுதி வை, மாப்ளே

திருவையாறு,
கார்த்திகை, 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் நம் விமானப்படையின் மிக்-21 போர் விமானம் கடைசியாகப் பறந்ததை டிவியில் பார்த்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். தங்கச்சியும் போனில் சொன்னது. 1963-இல் அதன் முதல் ஸ்குவாட்ரன், அதாவது விமான அணி, உருவானதும் அதே சண்டிகரில்தான் என்பதால், அங்கேயே வைத்துத் தண்ணீர் பீய்ச்சி விடை கொடுத்தார்கள். 62 வருஷ உழைப்பில், அதன் என்ஜினைப் பார்த்துக்கொண்ட உன் கைக்கும் ஒரு பங்கு உண்டு. வருத்தம் வராமல் எப்படி இருக்கும்?

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சம்பா நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது, தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும்போது பம்ப்செட்டை யாரும் போடுவதில்லை. அதனால் கடையில் மோட்டார் காயில் கட்டும் வேலை குறைவு. பகல் முழுக்க பிக்கப்தான், எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குமே, அந்தக் காயில்.

இன்னமும் கையால்தான் சுற்றுகிறாயா என்று கேட்டிருந்தாய். கையால்தான். தையல் மெஷின் மோட்டாரில் பாபினை மாட்டி ஓடவிடுவேன், சுற்றை எண்ண ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. கம்பியை விடுவது மட்டும் என் விரல். அமெரிக்கக் கணக்கில் 42-ஆம் நம்பர் என்று சொல்வது நம் கடைகளில் ஏறத்தாழ 46-ஆம் நம்பர் கம்பி. கனம் 0.06 மில்லிமீட்டர்தான் வரும். பம்ப்செட் மோட்டார் கம்பியைப் பிடித்துப் பழகிய கைக்கு முதலில் அது இருப்பதே தெரியாது. கொஞ்சம் இறுக்கினால் அறுந்துவிடும். தளர விட்டால் காயில் தொளதொளவென்று ஆகிவிடும். ஒற்றைக் காயில் பிக்கப்புக்குச் சுமார் 8,000 சுற்று, நடுவில் அல்நிகோ என்ற உலோகக் கலவையில் செய்த ஆறு காந்தக் குச்சிகள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே சங்கதி.

மெஷின் சுற்றினால் கம்பி வரிசை வரிசையாகப் படியும். கையால் விடும்போது குறுக்கும் நெடுக்குமாகப் போகும், இடையிடையே காற்று இடைவெளி விழும். அதனால் காயிலின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் குணம், குறைந்து, மேல் ஸ்வரங்கள் மங்காமல் வரும். அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் கம்பெனியில் 1956-இல் வேலைக்குச் சேர்ந்த அபிகெய்ல் இபாரா என்ற அம்மாள் சுற்றிய பிக்கப்புகளை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு இதைவிடப் பெருமையான செய்தி வேறு என்ன வேண்டும்!

வேளாங்கண்ணிப் பக்கத்துப் பாடகர் குழு ஒன்றின் கிட்டாருக்கு இரட்டைக் காயில் பிக்கப் போட்டுக் கொடுத்தேன். கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அவர்களுக்குப் பெரிய தொல்லை. காயில்களையும் காந்தங்களையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்தால் அந்த ரீங்காரம் அடிபட்டுப் போகும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர் 1955-இல் பேட்டன்ட் கேட்ட யோசனை இது.

தஞ்சாவூர் வீணைக்கும் ஒன்று செய்து பார்க்கிறேன். பலா மரத்தில் ஓட்டை போடாமல், நாதத்தைக் கெடுக்காமல் உட்கார வேண்டும். சாரணி, பஞ்சமம் என்ற இரண்டு தந்திகளும் எஃகு, அவை நன்றாகப் பேசுகின்றன. கீழ் ஸ்தாயிக்கான மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளைத் தந்தி போட்டிருந்தால் காந்தத்துக்கு அது தெரிவதே இல்லை. உள்ளே எஃகு ஓடும் சுற்றுத் தந்தி மாட்டினால்தான் வழி. வித்வான்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது அடுத்த கேள்வி.

இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன். காயிலைச் சுற்றி முடித்ததும் மெழுகில் தோய்ப்போம். பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 65 டிகிரிக்கு மேல் போகாமல் உருக்க வேண்டும். காயிலை இறக்கினால் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பும். குமிழி நின்றால் இடுக்கெல்லாம் மெழுகு இறங்கிவிட்டது என்று அர்த்தம். தோய்க்காத காயிலில் கம்பிகள் தாமாகவே அதிரும், பக்கத்துச் சத்தத்தையெல்லாம் மைக் மாதிரி வாங்கிக்கொள்ளும். போன வாரம் தோய்க்காத ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்து சுகோய் போர் விமானம் தலைக்கு மேல் திரும்பியது. அந்த இரைச்சல் காயில் வழியாக ஸ்பீக்கரில் வந்தது மாப்ளே! தந்தி இல்லை, கிட்டாரே இல்லை, வெறும் காயில். எழுந்து நின்றுவிட்டேன்.

2020 ஜனவரியில் 222-ஆம் ஸ்குவாட்ரன் இங்கே வந்ததிலிருந்து சுகோய்ச் சத்தம் நமக்குப் பழகிவிட்டது. நடவு வயலில் நிற்கிறவர்கள்கூட இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரண்டு என்ஜின், கனத்த சத்தம், போன பிறகும் வெகுநேரம் உருண்டுகொண்டிருக்கும். மிக்-21 எப்படிக் கத்தும் என்று எனக்கு வீடியோவில்தான் தெரியும். உனக்குத்தான் பக்கத்தில் நின்று தெரியும். அசாம் தேஜ்பூர் தளத்திலிருந்து லீவில் வந்தபோது படித்துறையில் உட்கார்ந்து சொன்னாயே, என்ஜினை நிறுத்தியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம், சுழற்சி அடங்கும் வரை காதைக் கொடுத்துக் கேட்போம், எங்காவது உரசுகிற சத்தம் வந்தால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்காது என்று. அதை நான் மறக்கவே இல்லை.

1950-களின் பிக்கப் ஒன்று செத்துப்போனால் எங்கள் தொழிலில் அதைத் தூக்கிப் போடுவதில்லை. பழைய கம்பியைப் பிரித்துச் சுற்றை எண்ணுவார்கள், மைக்ரோமீட்டரில் கனம் பார்ப்பார்கள், கம்பியின் எனாமல் பூச்சு எந்த வகை, காந்தத்தின் பலம் எவ்வளவு என்றெல்லாம் குறித்துவைப்பார்கள். அப்படிக் குறித்தவர்கள் இருந்ததால்தான் அந்தக் காலத்து ஒலியைத் திருவையாற்றில் உட்கார்ந்து நானும் சுற்ற முடிகிறது. விமானத்துக்கு அந்த வசதி இல்லை. உங்கள் பெங்களூரில் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தில் மாருத் போர் விமானம் நிற்கிறதே, ஜெர்மன்காரர் குர்ட் டேங்க் வடிவமைத்து 1961 ஜூனில் முதலில் பறந்தது, 1971-இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் சண்டை போட்டது. உடம்பைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதன் இரண்டு ஆர்ஃபியஸ் என்ஜினும் ஒன்றாகக் கிளம்பும்போது என்ன சுருதியில் பாடின என்று இனி யாரைக் கேட்பது? மிக்-21-க்கும் அந்த கதி வந்துவிடக் கூடாது. அதன் ஆர்-25 என்ஜினின் வரைபடம் ஒடிசாவில் கோராபுட் என்ஜின் தொழிற்சாலையில் இருக்கும். அந்த என்ஜினின் சத்தம் அது நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும், கெடப்போகும்போது எப்படி மாறும் என்பது உன்னைப் போன்றவர்கள் காதில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் எழுது. ஸ்டார்ட் பண்ணுவதிலிருந்து ஆரம்பி. கூடுதல் வேகத்துக்கு என்ஜினின் பின்னால் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னர் பற்றிக்கொள்ளும்போது நெஞ்சில் எங்கே அடிக்கும், குளிர்காலக் காலையில் சத்தம் வேறாக இருக்குமா, இரண்டு விமானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியுமா, எல்லாம் வேண்டும். நல்லதை மட்டும் எழுதிவிடாதே. 1970-களின் தொடக்கத்திலிருந்து 2012 ஏப்ரல் வரை 482 மிக் விபத்துகள், 171 விமானிகள் போனார்கள் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். கிளப்பிவிட்ட விமானம் திரும்பி வராத நாளில் ஹேங்கர் எப்படி இருந்தது என்று நீ ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசியிருக்கிறாய். அதையும் எழுது. அந்தப் பையன்களுக்கு அது நாம் செய்ய வேண்டிய கடமை.

நம் ஆற்றின் பெயரை வைத்த காவேரி என்ஜினைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1989-இல் தொடங்கிய திட்டம், 2008-இல் நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸின் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள், தேஜஸ் இன்று அமெரிக்க என்ஜினில் பறக்கிறது. எனக்கு அது ஆறாத வருத்தம். நேரில் பேசுவோம்.

ஜனவரி மாதம் தியாகராஜர் ஆராதனைக்குக் கட்டாயம் வா. மைசூரிலிருந்து வருகிற ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் தஞ்சாவூர், பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்துவிடுகிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. எழுதியதைக் கையோடு எடுத்து வா, பாதி முடிந்திருந்தாலும் பரவாயில்லை. வீணை பிக்கப் அதற்குள் தயாராகிவிடும், காது கொடுத்துக் கேட்டு உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

அன்புடன்,
உன் மச்சான்