‘அன்பிட்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர்களால்தான் நம் பகுதியில் எச்.ஐ.வி. பரவுகிறது என்று பொருள்படும் தலைப்புடன் தங்கள் பத்திரிகையில் அண்மையில் ஒரு செய்தி வெளியாகியிருந்தது. செய்தியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். தலைப்பு சொன்ன அளவுக்கு உள்ளே எதுவும் இருக்கவில்லை. ஆனால், வன்னியில் பத்திரிகை கிடப்பது தேநீர்க் கடை மேசையிலும் சலூன் வாங்கிலும்தான். அங்கே முடி வெட்டக் காத்திருப்பவர்கள் தலைப்பை வாசிப்பார்கள். உள்ளே இருப்பதை வாசிக்க அவர்களுக்கு நேரமிருப்பதில்லை. அதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வன்னியில் இருபது வருடங்களுக்கு மேலாகக் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்வதும், பிள்ளைகளின் நிறை பார்ப்பதும், குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளைப் பற்றிப் பேசுவதும் என் அன்றாட வேலையாக இருந்தன. எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் சிலரை நான் அறிந்தது இந்த வேலையின் வழியாகத்தான். அவர்களில் வெளிநாடு போய் வந்தவர்களும் இருந்தார்கள், ஊரை விட்டு எங்கும் போகாதவர்களும் இருந்தார்கள். கீழே எழுதுவனவற்றில் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து, தகரக் கொட்டிலில் இருந்து கல்வீட்டுக்கு மாறும்போது பட்ட கடனை அடைப்பதற்காக வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போனவர். போகும்போது மெடிக்கலில் ‘பிட்’. அங்கே இரண்டாம் முறை வதிவிட வீசாவைப் புதுப்பிப்பதற்காக இரத்தம் எடுத்தார்கள். சில நாட்களில் அவரை ஓர் அறையில் இருத்திவைத்து, அரபியில் எழுதிய காகிதமொன்றைக் கையில் கொடுத்து, விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ‘அன்பிட்’, அதாவது உடல்தகுதி இல்லை, என்ற ஒரே சொல்தான் அவருக்கு விளங்கியது. ஏஜென்சிக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஊரில் சம்பளப் பிரச்சினை என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, கணவருடன் வழமைபோல் வாழ்க்கையைத் தொடர்ந்தார். எட்டு மாதங்கள் கழித்துக் கர்ப்பமானபோது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் குருதிப் பரிசோதனையில்தான் உண்மை வெளியே வந்தது. “ஏன் பிள்ளை, இவ்வளவு நாளாய் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?” என்று கேட்டேன். “எனக்கு ஆரும் சொல்லியிருந்தாத்தானே மிஸ், நான் சொல்லுறதுக்கு” என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு கேட்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

கணவருக்கும் தொற்றியிருந்தது. குழந்தைக்குத் தொற்றவில்லை. தாய் உடனடியாக மருந்தை ஆரம்பித்து ஒழுங்காக எடுத்ததுதான் அதற்குக் காரணம். மருந்தில்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சரியான சிகிச்சையோடு அதை ஐந்துக்கும் கீழே கொண்டுவரலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்ற பாலியல் நோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் இலங்கைக்கு அந்நிறுவனம் சான்றளித்தது. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்த என்னைப் போன்றவர்களுக்கும் அதில் ஒரு சிறு பங்குண்டு என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இந்த வெற்றி கர்ப்பிணிகளைப் பற்றியது. கர்ப்பமாகாத பெண்ணுக்கும், எந்த ஆணுக்கும், அப்படித் தானாகவே ஒரு பரிசோதனை வந்து சேர்வதில்லை. மேலே சொன்ன பெண் கர்ப்பமாகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடங்கள் கழித்து, எந்த நிலையில், எந்த வைத்தியசாலைக் கட்டிலில் விடயம் தெரிந்திருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

வளைகுடா நாடுகளில் வேலை வீசாவுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்பதும், தொற்று இருப்பதாகத் தெரிந்தால் அங்கே சிகிச்சை அளிக்காமல் நாடு கடத்துவார்கள் என்பதும் வெளிநாடு போகும் எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்த விடயங்கள். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக இலங்கையை விட்டுச் சென்றார்கள். இத்தனை பேரைப் பரிசோதித்து அனுப்பும் ஏற்பாடு நம்மிடம் உண்டு. போன இடத்தில் ‘அன்பிட்’ ஆகித் திரும்புகிறவரை விமான நிலையத்திலிருந்து ஒரு சிகிச்சை நிலையத்துக்குக் கைப்பிடித்துச் சேர்த்துவிடும் ஏற்பாட்டை என் சேவைக்காலத்தில் நான் ஒருமுறைகூடக் காணவில்லை. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை ஆபத்து முழுவதும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் கிளினிக்குக்கும் இடையில் கழிந்த அந்த எட்டு மாதங்களில்தான் இருந்தது. தங்கள் பத்திரிகையின் தலைப்பு அந்த இடைவெளியை விட்டுவிட்டு ஆட்களைக் குற்றவாளிகளாக்கியது.

புறப்படுமுன் கிடைக்கும் மெடிக்கல் சான்றிதழும் ஒரு தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் வரை பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். அதைவிட முக்கியமாக, புறப்படுகிற நாளுக்குப் பிறகு நடக்கப்போகும் எதையும் அந்தச் சான்றிதழ் சொல்லாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அறைக் கதவைப் பூட்டக்கூட உரிமையில்லாத வீடுகள் இருக்கின்றன. புறப்படுமுன் கருத்தடை ஊசியைப் போட்டுக்கொண்டு வரும்படி துணை முகவர்கள் சொன்னதாகப் பல பெண்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊசி எதற்கு என்று கேட்டால், ‘அங்கை சூடு கூட, மாதவிலக்கு குழம்பும்’ என்பதுபோல ஏதாவது பதில் கிடைத்திருக்கும். எதை எதிர்பார்த்து அதைப் போடச் சொல்கிறார்கள் என்பது சொல்லுகிறவருக்கு நன்றாகத் தெரியும். கரு தங்குவதைத் தடுக்கும் அந்த ஊசி எச்.ஐ.வி.யையோ, சிபிலிஸையோ, கொனோரியாவையோ தடுக்காது. அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து தொற்றோடு திரும்பும் பெண்ணைப் பார்த்து நம் ஊர், “அங்கை போய் ஆடினவ” என்று பேசுகிறது.

ஆண்களின் நிலை வேறு. எட்டுப் பேர் ஓர் அறையில், மனைவியைப் பிரிந்து, இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை விடுமுறை. பெண்களிடம் போகிறவர்களும் உண்டு, ஆண்களோடு உறவு கொள்கிறவர்களும் உண்டு; இரண்டாவதை நம் ஊரில் ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. இலங்கையில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் ஆண்களே பெரும்பான்மையினர் என்பதைப் பார்த்த பின்னும் நம் செய்திகளில் வெளிநாடு போன பெண்ணின் நிழலுருவமே படமாகப் போடப்படுவது எனக்கு விளங்கவில்லை.

இடம்பெயர்ந்தவர்கள் நோயைக் காவிக்கொண்டு திரிகிறார்கள் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. நம் பிள்ளைகள் போய்க் குடியேறிய ஐரோப்பாவிலும் அது இருந்தது. 2013 முதல் 2015 வரை அங்கே 9 நாடுகளின் 57 சிகிச்சை நிலையங்களில், எச்.ஐ.வி.யோடு வாழும் 2,000க்கும் மேற்பட்ட குடியேறிகளிடம் நடத்திய ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ 63 சதவீதத்தினருக்குத் தொற்று குடியேறிய பிறகே ஏற்பட்டது என்று கண்டறிந்தது. அவர்கள் அதைத் தம் நாட்டிலிருந்து கொண்டுபோகவில்லை. வந்து சேர்ந்த இடத்தில், தனிமையிலும் பயத்திலும் மொழி தெரியாத நிலையிலும் அது அவர்களைப் பிடித்தது. இலண்டனிலும் சூரிச்சிலும் உள்ள நம் உறவுகளும் இந்த நிலைமைகளுக்கு விலக்கானவர்கள் அல்லர்.

அடுத்து, தங்கள் செய்தியில் ஒரு வரிகூட இடம்பெறாத உண்மை. மருந்தை ஒழுங்காக எடுத்து, குருதியில் வைரஸின் அளவு பரிசோதனைக்கே அகப்படாத நிலைக்கு இறங்கி, அந்த நிலையிலேயே இருந்துவரும் ஒருவரிடமிருந்து உடலுறவின் மூலம் எச்.ஐ.வி. மற்றவருக்குத் தொற்றுவதில்லை. 2016இலும் 2019இலும் வெளியான ஐரோப்பிய ஆய்வு முடிவுகளில், ஒருவருக்குத் தொற்று உள்ள, ஆணுறை பயன்படுத்தாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணையர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து மற்றவருக்கு ஒரு தொற்றுக்கூட ஏற்படவில்லை. இந்த மருந்து இலங்கையில் இலவசம். பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போக யாருடைய கடிதமும் தேவையில்லை. எங்கள் அந்தத் தம்பதியர் இருவரும் இன்றைக்கு அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். கணவர் வயல் செய்கிறார், மனைவி கோழி வளர்க்கிறார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆயினும் எச்.ஐ.வி. மருந்து எச்.ஐ.வி.யை மட்டும்தான் கட்டுப்படுத்தும். கணவன் மறுபடி கட்டாருக்கோ ஓமானுக்கோ போய்வரும் குடும்பத்தில் சிபிலிஸ் வரலாம், கொனோரியா வரலாம், ஹெபடைட்டிஸ் பி வரலாம்; சிபிலிஸ் புண் ஆறியதுபோல் மறைந்துவிட்டு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே ஆணுறையின் தேவை தீர்ந்துவிடுவதில்லை. இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். நம் பெண்களில் பலர் இரண்டாம், மூன்றாம் பிள்ளையோடு ஒப்பரேசன் செய்துகொண்டவர்கள். அப்படியானவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் வந்து ஆணுறை கேட்டால், கேட்ட கணமே பக்கத்தில் நிற்பவர் கண்ணை உயர்த்துவார். கேட்காமலேயே போய்விடுகிறார்கள். நான் சிலருக்குப் பிள்ளையின் நிறை அட்டைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் இன்னொன்று. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. நம் நாட்டில் பொதுவாக 35 வயதில்தான் பெண்களை இந்தப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலேயே ஆரம்பித்து 3 முதல் 5 வருடங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தன் நிலையை எங்கும் சொல்ல முடியாத 27 வயதுப் பெண் எந்தக் கிளினிக்கில் போய், எதைச் சொல்லி இதைக் கேட்பாள்? கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியின் பலனை எஃபாவிரென்ஸ் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்து குறைத்துவிடும் என்பதும் அப்படித்தான். குச்சி வைக்கும் இடத்தில் மருந்தைப் பற்றியும், மருந்து கொடுக்கும் இடத்தில் குச்சியைப் பற்றியும் வாய்திறக்காத பெண், விரும்பாத கர்ப்பத்தோடு மூன்றாவது இடத்துக்கு வந்து நிற்பாள்.

மருந்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். போத்தலின் லேபலை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் கொண்டுவரும்போது குளிசைகள் குலுங்கிச் சத்தம் போடாமல் உள்ளே பஞ்சு அடைக்கிறார்கள். வீட்டில் அது அரிசி வாளிக்குள்ளோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ இருக்கும். முல்லைத்தீவில் இருப்பவர் வவுனியாவுக்கும், வவுனியாவில் இருப்பவர் அநுராதபுரத்துக்கும் மருந்துக்குப் போகிறார், தெரிந்த முகம் எதிரே வரக்கூடாது என்பதற்காக. ஒரு நாள் கூலி போய்விடும். மழைக்காலத்தில் தெரு மூடினால் ஒரு மாத மருந்தும் போய்விடும். மருந்து விட்டுப்போனால் வைரஸ் மறுபடி ஏறும், மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் அதோடு ஏறும். தங்கள் செய்தி வந்த வாரம் மருந்தெடுக்கப் போக வேண்டிய ஒருவர் போகவில்லை. “எல்லாரும் அதைத்தான் கதைக்கினம் மிஸ், அடுத்த முறை பாப்பம்” என்று தொலைபேசியில் சொன்னார்.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கருமபீடம் இருக்கிறது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் வெளிநாட்டு வேலைவாய்ப்பைப் பார்க்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். மருத்துவக் காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டு வருகிறவருக்கு, காரணம் எதுவானாலும், அருகிலுள்ள சிகிச்சை நிலையத்தின் பெயரும் நேரமும் தமிழில் எழுதிய ஒரு துண்டை அந்தக் கருமபீடத்தில் கொடுக்கலாம். காசநோய்க்கும் அதே துண்டு, ஈரல் அழற்சிக்கும் அதே துண்டு என்றால், அதை வைத்திருப்பவரை ஒருவரும் சந்தேகிக்கமாட்டார்கள். ஆனால் இந்தத் தகவல் கிராம அலுவலருக்கோ மாதர் சங்கத்துக்கோ போகக்கூடாது. நான் நல்லெண்ணத்தோடு சொல்கிறேன்: நம் ஊரில் ஒரு கோப்பு இரண்டு மேசைகளைத் தாண்டினால் அது ஊர்ச் செய்தி.

தங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. எச்.ஐ.வி. தொற்றுள்ள எல்லாரையும் ‘எயிட்ஸ் நோயாளி’ என்று எழுத வேண்டாம். எயிட்ஸ் என்பது தொற்று முற்றி உடலின் எதிர்ப்புச் சக்தி குலைந்துபோன நிலை; சிகிச்சையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நிலையை அடைவதில்லை. ஊர்ப் பெயரும் வயதும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைப்பதால் பயனில்லை; வன்னியில் அந்த மூன்றும் சேர்ந்தாலே பெயர்தான். அடுத்த முறை இவ்விடயம் பற்றி எழுதும்போது, மருந்து இலவசம் என்பதையும், மருந்தெடுத்து வைரஸ் அகப்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவால் தொற்றாது என்பதையும் தலைப்பிலேயே போடுங்கள், சலூனில் வாசிக்கட்டும்.

இக்கடிதத்தைப் பிரசுரிப்பதாயின், உறையின் பின்புறத்தில் எழுதியுள்ள என் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அதில் வெட்கமோ பயமோ இல்லை. பிள்ளையில்லாத வீட்டு வாசலிலும் என் ஸ்கூட்டி அடிக்கடி நின்றதைக் கண்டவர்கள் இன்னும் அதே வேலிகளுக்கு அப்பால்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
வன்னி.