சலைன் பாட்டில நம்ம கண் முன்னாடி திறந்தா என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்,

பல் பத்தி எந்தப் பத்திரிகைல எழுதினாலும் ரெண்டு வேளை துலக்குங்க, இனிப்ப கொறைங்கன்னு முடிச்சிடறாங்க, பல் பாக்கப் போற எடத்துலயே கிருமி தொத்திக்கிட்டா என்ன பண்றதுன்னு யாரும் எழுதக் காணோம். வாணியம்பாடி விஷயம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குன்னு தெரியல. 2022-23ல நடந்தது, 2025ல ஆராய்ச்சிக் கட்டுரையா வந்தப்புறம்தான் பேப்பர்ல பெருசா அடிபட்டுச்சு. ஒரே பல் க்ளினிக்குக்குப் போன 10 பேருக்கு மெலியாய்டோசிஸ்ங்கற கிருமித் தொற்று மூளை வரைக்கும் போய் 8 பேர் இறந்துட்டாங்க. பல்லு வலின்னு போனவங்க சார் அவங்க.

மண்ணுலயும் தண்ணிலயும் இருக்குற கிருமியாலதான் அது வருது. தேடிப் பாத்தப்போ அந்தக் கிருமி க்ளினிக்ல பாதி தீந்த சலைன் (கழுவ ஊத்துற உப்புத்தண்ணி) பாட்டில்ல கெடைச்சிருக்கு. ஈறை விலக்குற கருவியாலயே பாட்டில திறந்து, பஞ்ச வச்சு லேசா அடைச்சு, அடுத்தடுத்த ஆளுக்கும் அதையே ஊத்தியிருக்காங்க. எய்ட்ஸ் பயம் வந்த காலத்துலேர்ந்து நாம ஊசி புதுசான்னு மட்டும்தான் பாக்கறோம், வாயில ஊத்துற தண்ணிய எவன் பாக்கறான்?

பல் பாக்க உக்கார வைக்கற சேர்ல வர்ற பைப் தண்ணியும் அப்படித்தான். குழாய் ரொம்ப சன்னம், ராத்திரி பூரா தண்ணி தேங்கி உள்ள பாசி மாதிரி கிருமி படிஞ்சிடும். 2016ல அமெரிக்கால அனஹைம் ஊர்ல பால்பல்லுக்கு சிகிச்சை எடுத்த சின்னப் பசங்களுக்கு இந்தத் தண்ணி வழியா கிருமி போய் தாடை எலும்புல ஆபரேஷன் பண்ற அளவுக்கு ஆச்சு. குழாய மருந்து போட்டு கழுவணும், ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் தண்ணிய ஓட விடணும், பல்லப் பிடுங்கி எலும்பு தெரியற வேலைன்னா பைப் தண்ணியே கூடாது, கிருமி நீக்கின ஸ்டெரைல் சலைன்தான்.

கருவிய வெந்நில போட்டு எடுத்தேன்னு சொல்றதும் கதைக்கு ஆகாது, ஆட்டோகிளேவ்ங்கற கிருமி கொல்ற மெஷின்ல பிரஷரோட 121 டிகிரி ஆவில வேகணும், ட்ரில் பண்ற ஹேண்ட்பீஸும் சேத்துதான். சும்மா ஸ்பிரிட்ல தொடைச்சிட்டு அடுத்த வாயில வைக்கறத நானே பாத்திருக்கேன்.

சின்ன க்ளினிக் நடத்தறவங்களுக்கு வாடகை, கரண்ட்டுன்னு செலவு இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்காக அரை லிட்டர் பாட்டில நாள் பூரா ஓட்டணுமா? 100 மில்லி பாட்டில் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு, நம்ம முன்னாடி திறக்கட்டும், மீதிய கொட்டட்டும், காச பில்லுல போடட்டும், யாரும் சண்டைக்கு வரமாட்டோம். சுகாதாரத்துறை இத எல்லா பல் க்ளினிக்குக்கும் கட்டாயமாக்கி ரிசப்ஷன்ல போர்டா மாட்டச் சொல்லணும், கேக்கற பேஷன்ட்ட மொறைக்காம இருக்கவாவது அது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்