கருவிப் பெட்டியில் வைத்த கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. புல்லட் செகந்திராபாத் வந்து சேர்ந்துவிட்டதாக நீ நேற்றுப் போனில் சொன்னபோது எனக்கும் உன் அம்மாவுக்கும் மனம் நிறைந்துவிட்டது. ரயில் பார்சலில் ஏற்றுவதற்காக டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் வடித்து, கைப்பிடியிலும் முகப்பு விளக்கிலும் சாக்குச் சுற்றி அனுப்பியிருந்தேன். கருவிப் பெட்டியை மட்டும் வண்டியோடு அனுப்ப மனம் வரவில்லை என்பதால் தனியாகக் கூரியரில் போடுகிறேன். அதற்குள்தான் இந்தக் கடிதம் இருக்கும். போனிலேயே சொல்லியிருக்கலாம் என்று உனக்குத் தோன்றும். கையில் கிரீஸோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வைத்துப் படித்துக்கொள்ள ஒரு தாள் இருந்தால் நல்லது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1988-இல் வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டியோடு பழகியதில் நான் உனக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இதற்கு நான் செய்த பெரிய செலவுகளில் பாதிக்கு மேல் திறக்க வேண்டாத இடத்தைத் திறந்ததால் வந்தவை. பழைய வண்டி என்றாலே பார்க்கிறவர்களுக்கு இன்ஜினைப் பிரித்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். உனக்கும் அப்படி ஒரு ஆசை வரும். உன் பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவர்களுக்கு அதைவிட அதிகமாக வரும்.

1997 ஐப்பசியில், நீ கைக்குழந்தையாக இருந்தபோது, உன்னையும் அம்மாவையும் பேருந்தில் அனுப்பிவிட்டு உன் சித்தி கல்யாணத்துக்கு நான் இந்த வண்டியில் கும்பகோணத்துக்குக் கிளம்பினேன். துவாக்குடி தாண்டியதும் சைலன்சரில் படபடவென்று அடித்து வண்டி நின்றுபோனது. ஒரு புளியமரத்தடியில் அரைமணி நேரம் நிறுத்தியிருந்தேன். எதையும் தொடாமலே மறுபடி ஒரே உதையில் கிளம்பியது. இருபது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி நின்றது. இப்படி நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து பந்தியும் பாதி நடந்திருந்தது. ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே கேட்ட மாத்திரத்தில் "போர் போய்விட்டது", அதாவது சிலிண்டரின் உள்துளை தேய்ந்துவிட்டது என்றார்கள். ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை லேத்துக்கு அனுப்பி, போர் அடித்து, புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். மாதச் சம்பளத்தில் பாதி போனது. அடுத்த வாரமே, வண்டி சூடேறியதும், அதே மாதிரி நின்றது.

அன்று இரவு நான் செய்ததைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பிளக்கில் பொறி விழுவதற்காக மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு எதிரே உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் பாயிண்டில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடானதும் அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே நீலமும் வெள்ளையுமாகப் பொறி சிதறத் தொடங்கியது. வெல்டிங் பொறியைச் சிறிதாக்கி வைத்ததுபோல் இருந்தது. பாயிண்ட் திறக்கும் நொடியில் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் வாங்கிக்கொள்வது கண்டென்சரின் வேலை. அது ஒழுங்காக வாங்கிக்கொண்டால்தான் காயிலில் மின்னோட்டம் சட்டென்று அறுந்து பிளக்கில் வலுவான பொறி விழும். கண்டென்சர் சூட்டில் செயலிழந்தால் பொறி பாயிண்டிலேயே வீணாகிவிடும், பிளக்குக்குப் போய்ச் சேராது. ஆறினால் மறுபடி வேலை செய்யும். சுண்டுவிரல் நுனி அளவு சாமான் அது. மாற்றியபின் அந்தத் தொல்லை திரும்ப வரவில்லை. நல்ல நிலையில் இருந்த போரை அடித்து வீணாக்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே வண்டி நின்றால் பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி விழுகிறதா என்ற இரண்டையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் ஒரு நட்டைக்கூடத் தொடாதே. பாயிண்ட் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் இருக்கும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் நான் ஃபிட்டராகச் சேர்ந்த புதிதில் வாங்கியது. தகட்டை நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. முனைகள் கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளில் ஒரு தடவை தேய்த்துவிட்டு, பிறகு சுத்தமான தாள் துண்டை நடுவே வைத்து இழுத்துவிடு. தூளோ எண்ணெய்ப் பிசுக்கோ மிச்சம் இருந்தால் வண்டி கிளம்பாது. ஏன் கிளம்பவில்லை என்று நீ நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பாய்.

கிளப்புவதில் அவசரம் வேண்டாம். சாவியைப் போட்டுவிட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரைப் பார். முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். கிக்கரும் கல் மாதிரி நிற்கும். அந்த இடத்தில், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராகக் கீழ்வரை உதைத்தால் போதும். பலம் தேவையில்லை, உன் அம்மா இதைக் கிளப்பி நீ பார்த்திருக்கிறாய். செருப்புக் காலோடு மட்டும் உதைக்காதே. பொறி விழும் டைமிங் முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். அதோடு, உன் இப்போதைய வண்டிக்கு இது நேர் எதிர் என்பதையும் மறக்காதே: கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. போக்குவரத்து இல்லாத தெருவில் ஒரு வாரமாவது ஓட்டிக் கால் பழகிய பிறகு பெரிய சாலைக்குப் போ.

டேப்பட் பார்ப்பது, அதாவது வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ்ராடுகளின் தளர்வைச் சரிபார்ப்பது, உனக்கு மறந்திருக்காது என்று நம்புகிறேன். உனக்கு அப்போது ஏழு வயது. சிலிண்டரின் வலப்பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் மூடியைக் கழற்றிவிட்டு, என் தடித்த விரல் உள்ளே சரியாக நுழையாததால், உன்னைக் கூப்பிட்டுக் கையை விடச் சொன்னேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புஷ்ராடைப் பிடித்து உருட்டிப் பார்த்துவிட்டு, "சுத்துதுப்பா, ஆனா குதிக்கல" என்றாய். இந்த இன்ஜினுக்கு டேப்பட் அளவு அதுதான்; ஃபீலர் கேஜே தேவையில்லை. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கும்போது, இரண்டு புஷ்ராடுகளும் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. தளர்வாக இருந்தால் டக்டக்கென்று சத்தம் கொடுக்கும், அதில் பெரிய ஆபத்து இல்லை. இறுக்கமாக இருந்தால் சத்தமே இல்லாமல் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துகொண்டிருக்கும். சத்தம் குறைந்திருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதே, பாப்பா. இந்த வண்டியில் எனக்குப் பயம் தருவது அந்த அமைதிதான்.

பெட்டியில் இருக்கும் ஸ்பேனர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் இந்த 346 சிசி இன்ஜினைச் செய்யத் தொடங்கினார்கள். வடிவமைப்பு இங்கிலாந்துடையது என்பதால் மரைகளும் அந்த நாட்டு அங்குலக் கணக்கில் வந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மில்லிமீட்டர் நட்டுகளும் கலந்துவிட்டன. நம் வண்டியில் இரண்டும் இருக்கின்றன. 5/16 என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரை, அதாவது அந்த அங்குலக் கணக்கு ஸ்பேனரை, அளந்து பார்த்தால் வாய் அகலம் அந்த அளவில் இருக்காது; அந்த எண் போல்ட்டின் தடிமனைக் குறிப்பது. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும். அதற்குப் பிறகு உளியும் சுத்தியும்தான். சிவப்புத் துணியில் சுற்றியவை விட்வொர்த், நீலத்தில் இருப்பவை மில்லிமீட்டர். துணி உன் அம்மாவின் பழைய சேலைகளில் கிழித்தது.

இன்ஜின் ஆயில் 20W50 போதும். கேஸுக்குள்ளேயே இருக்கும் ஆயில் அறை இரண்டே கால் லிட்டர் கொள்ளும். வண்டி இரண்டு மூன்று வாரம் நின்றால் அந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். குச்சியை விட்டுப் பார்த்தால் அளவு குறைந்ததாகத் தெரியும். உடனே மேலே ஊற்றிவிடாதே. ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகு பார். ஆயில் மாற்றும்போது ஃபெல்ட் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். மாற்றியதும் வண்டியை எடுத்துக்கொண்டு பறக்கக் கூடாது. ஃபில்டர் இருக்கும் அறை காலியாக இருக்கும், அது நிரம்பிய பிறகுதான் கிராங்கில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்குக்கு ஆயில் போகும். சில நிமிடம் ஐட்லிங்கில் நிற்கட்டும். ஓரங்களில் ஒரு துளி கசிந்தால் கவலைப்படாதே. கசிகிறதே என்று பேக்கிங்கில் பசையை அப்பினால், பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஆயில் போகும் துளையை அடைத்துவிடும். அந்தத் துளி ஆயிலைத் துடைத்துவிட்டுப் போவதே மேல். கிளட்ச் பக்கத்துக் கேஸில் 420 மில்லி தனி ஆயில். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே.

இப்போது எனக்கு அதிகக் கவலை பெட்ரோலைப் பற்றித்தான். பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிய பிறகு, இந்த வண்டிக்கு நான் செய்துவந்த சில வேலைகளை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் டாங்கில் கிடந்தால் நீரும் அதுவும் பிரிந்து அடியில் தங்கித் தகரத்தை அரிக்கும். பழைய ரப்பர் குழாயும் ஊறி வெடிக்கும். போன மாதம் குழாயை மாற்றித்தான் அனுப்பியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை விரலால் வளைத்துப் பார். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடு. இந்தப் பெட்ரோலில் பிளக் வெளுத்துச் சாம்பல் நிறத்தில் வந்தது, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை. இன்ஜினும் வழக்கத்தைவிடச் சூடானது. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கி ஊசியை உயர்த்தினேன். இப்போது பிளக்கின் பீங்கான் டிக்காஷன் நிறத்துக்கு வந்திருக்கிறது. அங்கே உயரமும் தட்பவெப்பமும் வேறு. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றி நிறத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

உன் வீடு அடுக்குமாடி என்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தரையடிப் பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டு வேலை செய்யாதே, புகை வெளியேற வழி இருக்காது. சாமான்களைப் பெட்ரோலில் கழுவாதே, டீசல் போதும். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருந்திருக்கலாம். டிரம்மில் இருக்கும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடை. பின்சக்கரச் செயினுக்கு 25 மில்லிமீட்டர் ஆட்டம் விடு. கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே மாற்றுக் கேபிள் ஒன்றை டேப் சுற்றிக் கட்டியிருக்கிறேன், அறுந்தால் வழியிலேயே முனைகளை மாற்றிக்கொள்ளலாம். ஆர்.சி. 2023-இல் புதுப்பித்தது, 2028 வரை செல்லும். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே வைத்திருக்கப்போகிறாய் என்றால் சொல், திருச்சி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்றுக்கு எழுதிப்போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, டேப்பட் மூடியைக் கழற்றிப் புஷ்ராடுகளை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிடு. ரயில் பயணத்துக்கு முந்தைய நாள் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் உன் விரல் ஒருமுறை பார்க்கட்டும். மூடியை மாட்டும்போது அந்த ஒற்றை நட்டைப் பலம் கொண்டு இறுக்காதே, ஸ்டட் கையோடு வந்துவிடும். பெட்டியின் அடியில் பழைய கோபால் பல்பொடி டப்பா ஒன்று இருக்கும். அதில் இரண்டு கண்டென்சரும் ஒரு ஜோடிப் பாயிண்டும் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். டப்பாவை வீட்டில் வைக்காமல் வண்டியின் பக்கப் பெட்டியிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா