குடியாத்தம் குழந்தைகளுக்கு ஒரு கைவேலைக் கூடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

குடியாத்தத்தில் சும்மா பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய தறிக்கூடத்தை, இரண்டு வயது முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து கைவேலை செய்யும் இடமாக மாற்ற முடிவு செய்திருக்கிறோம். இதற்கு 87,000 ரூபாய் ஆகும். குழுவில் இருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டதில் 19,000 சேர்ந்திருக்கிறது. மீதி 68,000 ரூபாய்க்காக உங்களிடம் வருகிறோம். கூடவே, உங்கள் வீட்டில் வேண்டாம் என்று மூலையில் கிடக்கும் சில பொருள்களையும், முடிந்தவர்களிடம் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றிரண்டு மணி நேரத்தையும் கேட்கிறோம்.

புதிதாக ஒன்றை ஆரம்பிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். போன கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் இது தொடங்கியது. பழைய நாளிதழ், கல்யாணப் பத்திரிகை, மைதாப் பசை, அவ்வளவுதான் கையில் இருந்தது. வரும் குழந்தைகள் வாராவாரம் கூடிக்கொண்டே போனார்கள். இப்போது திண்ணை கொள்ளவில்லை. பாதிப் பேர் தெருவில் வண்டி போகும் பக்கம் உட்கார வேண்டியிருக்கிறது. மழை வந்தால் அன்றைக்கு ஒன்றும் கிடையாது. சித்திரை, வைகாசியில் நம்மூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பத்து மணிக்கு மேல் அங்கே குழந்தைகளை உட்கார வைக்க மனசு வராது.

ஒரு விதி மட்டும் முதல் நாளிலிருந்து வைத்திருக்கிறோம். குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகக் கூடாது. அம்மா, அப்பா, ஆயா, தாத்தா, பெரியம்மா, யாராவது ஒருவர் கூடவே உட்கார்ந்து தாமும் செய்ய வேண்டும். இது டியூஷன் இல்லை. வாரம் முழுக்கப் பீடி சுற்றி, ஆயிரக் கணக்கை முடித்தால்தான் கூலி என்று இருக்கும் அம்மாவுக்கும், விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் அப்பாவுக்கும் பிள்ளையோடு சேர்ந்து உட்கார நேரமே அமைவதில்லை. பிள்ளை அழுதால் கையில் செல்போன் போகிறது. அதற்காக நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. உட்கார ஒரு இடமும், செய்ய ஒரு வேலையும் இருந்தால் பெரியவர்கள் ஆசையோடு வருகிறார்கள் என்பதைத் திண்ணையிலேயே பார்த்துவிட்டோம்.

என்ன செய்கிறோம் என்று சொன்னால்தான் எதற்குக் கேட்கிறோம் என்பது விளங்கும்.

முதலில் காகிதக் கூழ்க் கிண்ணம். இது நம் ஆயாக்களின் வேலை. அந்தக் காலத்தில் முறத்தின் ஓட்டையை அடைக்கவும் கூடை செய்யவும் வெந்தயத்தையும் காகிதத்தையும் சேர்த்து அரைத்து மெழுகுவார்கள். பழைய நாளிதழைச் சிறிதாகக் கிழிப்பது இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் பிடித்த வேலை. கிழித்ததை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பிழிந்து, தனியாக ஊறிய ஒரு கைப்பிடி வெந்தயத்தோடு சேர்த்து அரைக்க வேண்டும். வெந்தயத்தின் கொழகொழப்புதான் பசை; வேறு எதுவும் வேண்டாம். ஒரு சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியைப் போர்த்தி, துணிமேல் கூழை அரை விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். துணி போடாவிட்டால் காய்ந்தபின் கழற்றவே முடியாது. அப்புறம் ஒரு நாள் நிழல், இரண்டு மூன்று நாள் வெயில். நேராக வேலூர் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்துத் தெரு ஆயா ஒருவர். நாற்பது வருஷமாக யாரும் தன்னிடம் இதைக் கேட்கவில்லை என்றார். இப்போது ஞாயிறு காலையில் முதல் ஆளாக வந்து உட்காருவது அவர்தான்.

அடுத்தது அட்டைத் தறி. நெசவூரில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தறி ஓடுவதைப் பார்த்ததில்லை என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம். செருப்பு டப்பாவின் மூடியை எடுத்து, மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு கொடுத்து, அதில் நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு, அதாவது நீளவாட்டு இழை, தயார். ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் இழைக்கு, பழைய லுங்கியை ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்துக்கொள்கிறோம். நாலு வயதுக் குழந்தை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விரலாலேயே நுழைத்துவிடும். எல்லாக் குழந்தைக்கும் வரும் ஒரே தொல்லை, போகப் போக ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு துணி நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்குவது. ஊடையை நேராக இழுக்காமல் வில்லாக வளைத்துப் போட்டு, பிறகு விரலால் கீழே தட்டினால் ஓரம் நிற்கும். இதைச் சொல்ல நம் ஊரில் தாத்தாக்களுக்குப் பஞ்சமா? ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்த கைகள் பேரப்பிள்ளையின் விரலைப் பிடித்து ஊடை போடச் சொல்லித் தருவதைப் பார்க்க வாருங்கள் என்றுதான் கூப்பிடுகிறோம்.

மூன்றாவது கூத்துக் கிரீடம். வட ஆற்காட்டுப் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கும் ஊருக்குப் போய், விடிய விடியக் கண்விழித்துத் துரியோதனன் படுகளமும் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அடுத்த வாரம் கேட்பது அதைத்தான். கூத்துக்காரர்கள் அணியும் கட்டைகள் என்னும் மர அணிகள் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. எடை குறைந்த மரம் என்பதால் கிரீடமும் புஜக்கட்டையும் அதிலே செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார்கள். நாங்கள் மரத்துக்குப் பதில் மளிகைக்கடை அட்டைப் பெட்டியையும், கண்ணாடிக்குப் பதில் பிஸ்கட் கவரின் உள்பக்க வெள்ளிப் பளபளப்பையும் வைத்துக்கொள்கிறோம். வைகாசி முதல் தேதி நம்மூர் கோபாலபுரம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்ததும் களிமண்ணில் அம்மன் முகம் செய்யக் கேட்பார்கள். அதையும் செய்வோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு மைதா மாவு உருண்டை. ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் தூள் உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு ஸ்பூன் எண்ணெய். சிறு தீயில் கிண்டி, கையில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் இறக்கி, ஆறவிட்டுப் பிசைய வேண்டும். டப்பாவில் மூடி வைத்தால் சில வாரம் கெடாது. உப்பு மிக அதிகம் என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் பெரியவர் இருந்தே ஆக வேண்டும். நிறத்துக்குப் பீட்ரூட் சாறும் மஞ்சளும் போதும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் சிவப்பாக மாறும். சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாகும். குழந்தைகள் இதை எத்தனை முறை செய்தாலும் மறுபடி கேட்கிறார்கள்.

இனி கூடத்துக்கு வருகிறேன். நெசவை விட்டுவிட்ட ஒரு குடும்பத்தார் தங்கள் தறிக்கூடத்தை மூன்று வருஷத்துக்கு வாடகை இல்லாமல் தருகிறார்கள். அவர்களுக்கு எங்கள் முதல் நன்றி. நல்ல காற்றோட்டம், உயரமான கூரை. ஆனால் அது குழித்தறிக் கூடம். நெசவாளி கால் வைத்து மிதிக்கும் குழி இரண்டு அப்படியே இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை ஓடும் இடத்தில் அதைப் பலகை போட்டு மூடினால் போதாது. மண் கொட்டி இறுக்கி, தரை முழுக்கச் சிமென்ட் பூச 22,000 ரூபாய் என்று மேஸ்திரி கணக்குக் கொடுத்திருக்கிறார். உடைந்த ஓடுகளை மாற்ற 14,000. வயரிங், விளக்கு, இரண்டு மின்விசிறி 11,000. குழந்தை உயரத்தில் இரண்டு குழாயும் ஒரு தொட்டியும் 7,500. பசையும் நாளிதழ் மையும் ஒட்டிய கையோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. தரையில் உட்கார்ந்து செய்யத் தோதான குட்டை மேசை ஆறு, 12,000. கத்தரிக்கோலையும் ஊசியையும் எட்டாமல் வைக்கப் பூட்டுள்ள அலமாரி 8,500. முனை மழுங்கிய கத்தரிக்கோல், தூரிகை, பாய், முதலுதவிப் பெட்டி எல்லாம் சேர்ந்து 6,000. கத்தரிக்கோலில் சிலவற்றை இடதுகைக்காரப் பிள்ளைகளுக்கென்று தனியாக வாங்குகிறோம். வலதுகைக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தபின் இதை விட்டுக்கொடுக்க முடியாது.

மீதி 6,000 ரூபாய் கைவேலைப் பைகளுக்கு. பை ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் 40 பை. ஒவ்வொரு பையிலும் ஒரு வேலைக்கு வேண்டிய அத்தனையும் இருக்கும். எப்படிச் செய்வது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துச் செய்யும்படி படமாக வரைந்த ஒரு தாளும் இருக்கும். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஞாயிறு வர முடியாத குடும்பங்களை நினைத்துச் செய்த ஏற்பாடு இது. பணம் குறைந்தால் மேசையைத் தள்ளிப்போடுவோம், பைகளைத் தள்ளிப்போட மாட்டோம்.

பொருளாகத் தர விரும்புகிறவர்களுக்கு: தறி வைத்திருப்பவர்கள் பாவு முடியும் இடத்தில் மிஞ்சும் நூலைத் தாருங்கள், எந்த நிறமானாலும் சரி. தையல்காரர்கள் வெட்டுத்துணி, அச்சகத்தார் ஓரம் வெட்டிய காகிதம், கடைக்காரர்கள் அட்டைப் பெட்டி. பழைய லுங்கி, பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தேங்காய்ச் சிரட்டை, பனை ஓலை. துணியைத் துவைத்துத் தந்தால் நல்லது.

சிலவற்றை அன்போடு மறுக்கிறோம். பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து தோல் துண்டுகள் தருவதாகச் சிலர் சொன்னார்கள். குரோமியம் போட்டுப் பதப்படுத்திய தோல், எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகளுக்கு வேண்டாம். புகையிலைத் தூள் பட்ட பையோ முறமோ தட்டோ எவ்வளவு கழுவியிருந்தாலும் வேண்டாம். தெர்மாகோல் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. மிச்சம் இருந்தாலும் எங்களிடம் தராதீர்கள். பட்டன் பேட்டரி உள்ள பொம்மை, குட்டிக் காந்தம், தண்ணீரில் ஊறி உப்பும் ஜெல்லி உருண்டை, இவை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முக்கியமாக, குன்றிமணி. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கக் குன்றிமணிதான் வழக்கம், தெரியும். ஆனால் அதன் உள்ளே இருப்பது கடும் விஷம். தோல் உடைந்தோ கடித்தோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் கூடத்துப் பிள்ளையாருக்குக் கறுப்பு உளுந்துதான் கண். அந்த உளுந்தைக்கூட மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் கையில் தர மாட்டோம். பெரியவர்தான் வைக்க வேண்டும். ஒன்றேகால் அங்குல வாயுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடியது. அப்படி ஒரு குழாயைக் கூடத்தின் வாசலிலேயே வைத்து, வரும் பொருள் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்த்துத்தான் பிரிப்போம்.

பணம் பற்றிச் சில வார்த்தைகள். எங்கள் குழு பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லை. தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. அதனால் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெறும் சான்று தர முடியாது. பத்து ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. வரவு செலவை மாதம் ஒருமுறை கூடத்தின் சுவரில் எழுதி ஒட்டுவோம். பில் எல்லாம் கோப்பில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். குழந்தைகளிடம் கட்டணம் எதுவும் வாங்க மாட்டோம். தந்தவர்களின் பெயரைச் சுவரில் கல்வெட்டாக வைக்கும் எண்ணமும் இல்லை. தொகை பெரிதோ சிறிதோ, எல்லாப் பெயரும் ஒரே நோட்டில் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள், இங்கே இருக்கும் உங்கள் வீட்டார் மூலமாகத் தரலாம்.

கொத்தனார் வேலை, மின்வேலை தெரிந்தவர்கள் ஒரு நாள் கூலியை நன்கொடையாக எழுதிக்கொள்ளச் சொன்னாலும் மகிழ்ச்சியோடு ஏற்போம். பீடி இலை வெட்டும் அக்காமார்களிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். தகட்டை வைத்துக் கண் மூடித் திறப்பதற்குள் இலையை வெட்டும் கை உங்களுடையது. அட்டை வெட்டப் பழகும் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லித்தர உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இந்த ஊரில் இல்லை. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஒரு மணி நேரம் வந்து போனால் போதும்.

சித்திரை பிறப்பதற்குள் தரை வேலை முடிந்து காய்ந்தால்தான் இந்தக் கோடை விடுமுறைக்குக் கூடத்தைத் திறக்க முடியும். மாசி மாதம் முழுக்க, ஞாயிறு மாலைகளில் குழுவைச் சேர்ந்த இருவர் ரசீதுப் புத்தகத்தோடு தெருத் தெருவாக வருவோம். பின்னாலேயே பொருள்களை ஏற்ற ஒரு தள்ளுவண்டியும் வரும். தர நினைப்பதை ஒரு பையில் கட்டி வாசலில் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
கைவேலைக் கூடக் குழுவினர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்