மே மாதமே பணம் கணக்கில் இருக்கட்டும்: முன்னாள் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் முன்னாள் மாணவர் குழுக்களுக்கு,

வணக்கம்.

வெள்ளி விழாச் சந்திப்பு முடிந்த கையோடு பல குழுக்கள் பள்ளிக்கு மேடையோ வளைவோ கட்டித் தருகின்றன. நல்ல காரியம்தான். கூடவே, பிளஸ் 2 முடித்த பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்குங்கள். ஏற்கெனவே நடத்துகிறவர்கள், உதவி கொடுக்கும் மாதத்தை முன்னால் கொண்டுவாருங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறோம்.

மே மாதம் தேர்வு முடிவு வருகிறது. விண்ணப்பம், கலந்தாய்வு, முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் அடுத்த சில வாரங்களில் வரிசைகட்டி நிற்கும். சுதந்திர தினக் கொடியேற்றத்தில் காசோலை கொடுத்தால், அது வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்ட வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். கடன் கிடைக்காத வீட்டுப் பிள்ளை அதற்குள் மில் வேலைக்குப் போயிருக்கும்.

அரசு தருவதைத் தெரிந்துகொண்டு, மிச்சத்துக்குக் கொடுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. 2022இல் வந்த புதுமைப்பெண், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அது சேர்ந்த பிறகு வருவது. ஆதார் இணைக்காத கணக்கு, சான்றிதழில் ஒரு பெயரும் வங்கியில் வேறு பெயரும் என்றிருந்தால் உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுவிடும். இதைச் சரிசெய்ய, வங்கிக்குக் கூடப் போகிற ஓர் ஆள் போதும். கலை அறிவியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ சேரும் பிள்ளைகளுக்குத்தான் பஸ் செலவு, மெஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று கை கடிக்கும்.

இனிக் கணக்கு. 100 பேர் மாதம் 500 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 6 லட்சம். ஒருவருக்கு 30,000 என்று வைத்தால் 20 பேருக்கு வரும். முதல் ஆண்டே 20 பேரை எடுத்துவிடாதீர்கள்! படிப்பு மூன்று ஆண்டு. அடுத்த ஆண்டு புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது, சந்தா குறைந்தால் பாதியில் கைவிட நேரும். ஆண்டுக்கு 6 பேர் எடுத்தால் மூன்றாம் ஆண்டில் 18 பேர், செலவு 5,40,000. மீதி 60,000 அவசரத்துக்கு. முதலிரண்டு ஆண்டில் மிஞ்சுவதைச் சும்மா வைத்திருக்கவும் முடியாது. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்பது வரி விதி. அதனால், ஒரு பகுதியை மூலதன நிதிக்கு என்று நன்கொடையாளரிடம் எழுதி வாங்கித் தனி வைப்பில் போடுங்கள். இல்லையென்றால் சேர்த்துவைப்பதற்கான படிவத்தை ஆடிட்டர் மூலம் காலத்தில் தாக்கல் செய்யுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்ததோடு வேலை முடியாது. பான், வங்கிக் கணக்கு, வருமான வரிப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பதிவு (80ஜி என்று பரவலாகச் சொல்வது) எல்லாம் வேண்டும். முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவுதான். அதை முறையான பதிவாக மாற்ற விண்ணப்பிக்கும் தேதியை மறந்து சலுகையை இழப்பவர்கள் உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தவருக்கு வரிக்கழிவு இல்லை.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் தந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை ஆகும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்ட (எஃப்சிஆர்ஏ) அனுமதியில்லாமல் அதை வாங்கக் கூடாது. பழைய வகுப்புத் தோழர்தானே என்று நினைக்காமல் பாஸ்போர்ட் நகலைக் கேளுங்கள்.

கல்லூரிக் கட்டணத்தைக் கல்லூரிக் கணக்குக்கே அனுப்பி ரசீது வாங்குங்கள். பஸ், சாப்பாட்டுச் செலவை மாணவர் கணக்கில் மாதாமாதம் போடுங்கள். மேடையேற்றிப் படம் எடுக்காதீர்கள். வறுமையை ஊர் பார்க்கும் என்று பயந்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுக்கவும் வேண்டாம். அப்பா இல்லாத பிள்ளை யார், பகுதிநேர வேலைக்குப் போவது யார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். பிளஸ் 2 தேர்வு முடிந்த வாரத்திலேயே அவரைப் போய்ப் பார்த்துப் பட்டியல் கேளுங்கள்.

அன்புடன்,
கல்வி அறக்கட்டளைப் பணியில் இருப்பவர்கள்