பதறத் தேவையில்லை என்று எப்படி எழுதினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் கார் ரீகால் (கோளாறான பாகத்தைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளை அழைப்பது) பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தி இப்படி முடிகிறது: 'உரிமையாளர்கள் பதறத் தேவையில்லை, அடுத்த சர்வீஸின்போது சரிசெய்துகொள்ளலாம்.' படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கோளாறு பிரேக்கில் என்று அதே செய்தியின் இரண்டாவது வரியில் நீங்களே சொல்கிறீர்கள். போன மாதம் சர்வீஸ் முடித்தவருக்கு அடுத்த சர்வீஸ் வர ஒரு வருஷம் ஆகும். அதுவரை அந்தப் பிரேக்கை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் கார். வாங்கிய ஆறாவது மாதம் நடுரோட்டில் இன்ஜின் ஒருமுறை நின்றது. மெக்கானிக் பார்த்துவிட்டு பெட்ரோலில் தூசி என்றார், ஃபில்டர் மாற்றினார், காசு கொடுத்தேன். மறுபடி நின்றது, மறுபடி ஃபில்டர், மறுபடி காசு. மூன்றாவது முறை நெடுஞ்சாலையில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்துகொண்டிருந்தபோது நின்றது. பின் சீட்டில் என் அம்மா. ஆக்சிலரேட்டரை அமுக்குகிறேன், வண்டி கேட்கவில்லை, ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கிறது, பக்கத்தில் லாரி, பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடிக்கிறான். எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அம்மா ஒன்றுமே பேசவில்லை, வீடு வந்து சேரும்வரை என் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்தபடியே இருந்தார்.

அப்புறம்தான் ஒரு நண்பர், சேஸிஸ் நம்பரை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை வைத்து ரீகால் இருக்கிறதா என்று பார்த்தாயா எனக் கேட்டார். அப்படி ஒன்று உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பார்த்தால், என் காரில் இன்ஜினுக்கு எரிபொருளை அனுப்பும் ஃப்யூயல் பம்ப்புக்கு ரீகால் அறிவித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது! பம்ப்புக்குள் சுழலும் பிளாஸ்டிக் இம்பெல்லர் எரிபொருளை உறிஞ்சி உப்பி, கூட்டில் உரசி நின்றுவிடுமாம். கடிதம் போனது பழைய உரிமையாளருக்கு, அவர் வண்டியை விற்றுவிட்டதால் அதைப் பிரிக்கக்கூட இல்லை. புது பம்ப் வந்து சேர்ந்த பிறகு ஒரே காலையில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே செலவழித்த பணத்தைக் கேட்டேன், பில் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். பில்லுக்கு நான் எங்கே போவேன்?

இது நடந்தபோதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் அதை வெளியிடவில்லை. இடம் இருந்திருக்காது, சரி. ஆனால் அந்த வாரமே ஒரு புதுக் காரின் தோல் இருக்கை, மேற்கூரை ஜன்னல், பாட்டுப்பெட்டி இவற்றைப் பற்றி ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. ரீகால் செய்தி மட்டும் எப்போதும் வணிகப் பக்கத்தின் மூலையில், பங்கு விலைக்குக் கீழே நான்கு வரி. அது வணிகச் செய்தியா? அந்தக் காரில் உட்கார்ந்து போகிறவனுடைய செய்தி இல்லையா?

தலைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 'இத்தனை லட்சம் கார்களைத் திரும்பப் பெறுகிறது' என்றே வருஷக்கணக்காகப் போட்டு வருகிறீர்கள். தமிழில் திரும்பப் பெறுவது என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்வது. இதைப் படித்துவிட்டு, காரைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து சர்வீஸ் சென்டர் பக்கமே போகாத ஒருவரை எனக்குத் தெரியும். பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று ஆசையோடு போய்ச் சண்டை போட்டவரையும் தெரியும். உண்மையில் பெரும்பாலான ரீகாலில் நடப்பது, கோளாறான பாகத்தை இலவசமாகச் சரிசெய்து அல்லது மாற்றித் தருவதுதான். சில சமயம் அதுகூட இல்லை, வண்டியின் மென்பொருளை மாற்றினால் போதும். அமெரிக்காவில் 2023 டிசம்பரில் டெஸ்லா 20 லட்சம் கார்களுக்கு அறிவித்த ரீகாலை வண்டிகளுக்கு நேரடியாக மென்பொருள் அனுப்பியே முடித்தார்கள், ஒரு வண்டியும் எங்கும் திரும்பிப் போகவில்லை. 'இலவசமாகச் சரிசெய்ய அழைப்பு' என்று தலைப்புப் போட்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

இன்னொரு சொல் 'தானாக முன்வந்து'. நிறுவனத்தின் அறிக்கையில் இருப்பதை அப்படியே அச்சடிக்கிறீர்கள். அமெரிக்க கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் ஸ்விட்ச் (சாவி போடும் ஸ்விட்ச்) விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. வண்டி ஓடும்போதே சாவி தானாக ஆஃப் பக்கம் நழுவி இன்ஜின் நின்றுவிடும், பவர் ஸ்டீயரிங் போய்விடும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2014-இல் 26 லட்சம் கார்களுக்கு அந்த ரீகால் வந்தது. ஆனால் கோளாறு நிறுவனத்துக்குள் சிலருக்குப் பத்து வருஷம் முன்பே தெரியும், நடுவில் பாகத்தை மாற்றியவர்கள் பாகத்தின் எண்ணைக்கூட மாற்றவில்லை. 124 சாவுகளுக்கு அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. அந்த ரீகாலின்போது உரிமையாளர்களுக்குச் சொன்ன அறிவுரை என்ன தெரியுமா? பாகம் மாற்றும்வரை சாவியை மட்டும் போடுங்கள், வளையத்தில் வேறு எதையும் தொங்கவிடாதீர்கள். கனம் இழுத்துத்தான் சாவி நழுவுகிறது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் ஒருவர் பிழைத்திருக்கலாம். அப்படிப்பட்ட வரிக்குத்தான் உங்கள் செய்தியில் இடம் இருப்பதில்லை.

ரீகால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, ஐயா. ஸ்டிக்கரில் தவறான எண் அச்சாகியிருந்தாலும் ரீகால்தான், சக்கரம் கழன்று விழக்கூடும் என்றாலும் ரீகால்தான். முதலாவதற்கு அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்கலாம், நானும் காத்திருப்பேன். ஆனால் 'ஓட்டாதீர்கள்' என்றே சொல்லும் ரீகால் உண்டு. ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்கில், பையை விரிக்க வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டுக் கெட்டுப்போய், சாதாரண மோதலில்கூட அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடித்து முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளுக்கு ரீகால். 2016-இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களின் ஏர்பேக் சிதற 50 சதவீதம் வரை வாய்ப்பு இருப்பது சோதனையில் தெரிந்ததாக அறிவித்து, ஷோரூமுக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் அந்த வண்டிகளை எடுக்க வேண்டாம் என்றது. வண்டி பழசாக ஆக ஆபத்து கூடும் கோளாறு அது. அதற்கும் அடுத்த சர்வீஸ் என்றுதான் எழுதுவீர்களா? ஷெவர்லே போல்ட் மின்சாரக் காருக்கு 2021-இல் வந்த எச்சரிக்கை, வெளியே நிறுத்துங்கள், இரவில் வீட்டுக்குள் சார்ஜில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பது. பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். அது ஓட்டும்போது வரும் ஆபத்து அல்ல, தூங்கும்போது வருவது.

பாகம் கையிருப்பில் இல்லை என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள், அதுவும் என் அனுபவம்தான். கேட்டுப் போனாலே 'பெயர் எழுதிவிட்டுப் போங்கள், கூப்பிடுகிறோம்' என்பார்கள், கூப்பிடவே மாட்டார்கள். நான் மூன்று முறை போய் நின்ற பிறகுதான் பம்ப் வந்தது. அதுவரை ஓட்டலாமா என்று கேட்டதற்கு ஒருவரும் எழுதித் தரவில்லை, 'ஓட்டலாம் சார்' என்று வாயால் மட்டும் சொன்னார்கள்.

என்னைப் போல இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்குகிறவர்களை யாருமே நினைப்பதில்லை. ரீகால் வண்டிக்கு உரியது, முதலில் வாங்கியவருக்கு மட்டும் உரியது அல்ல. இது விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. வாடகைக் கார் நிறுவனங்கள் ரீகால் பாக்கி இருக்கும் வண்டியை வாடகைக்கு விடக்கூடாது என்று அமெரிக்காவிலேயே 2016-இல்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அப்படிப்பட்ட வாடகைக் காரில் போன இரண்டு சகோதரிகள் 2004-இல் இறந்து, அவர்களுடைய தாயார் வருஷக்கணக்காகப் போராடிய பிறகு. பழைய கார் விற்பவர்களை அந்தத் தடை தொடவே இல்லை.

நான் கேட்பது மூன்று வரி. ரீகால் செய்தி போடும்போது எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை தயாரான வண்டிகள் என்று போடுங்கள். சரிசெய்யும்வரை ஓட்டலாமா கூடாதா, எங்கே நிறுத்துவது என்று நிறுவனத்திடம் கேட்டுப் போடுங்கள். எழுத்தும் எண்ணுமாக 17 இலக்கத்தில் ஒரு அடையாள எண் இருக்கும், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ முன் கண்ணாடியின் கீழ் மூலையிலோ பதிவுச் சான்றிலோ கிடைக்கும், அதை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று போடுங்கள். கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

இந்தக் கடிதம் நீளம்தான். சுருக்கி வெளியிடுவதானால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த 17 இலக்க எண்ணைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்