மழையில் மிஸ்ஸிங், வெயிலில் ‘பழுது ஏதும் இல்லை’

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: மழை ஈரத்தில் கார் இன்ஜின் மிஸ்ஸிங் – உங்கள் சர்வீஸ் சென்டரில் ஐந்து முறை வண்டியை விட்டும் சரிசெய்யாதது – கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான்காவது மின்னஞ்சல். முதல் மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது, புகார் எண் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது. ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் எழுதிய வேலைச் சீட்டுகள், அதாவது ஜாப் கார்டுகள், ஐந்தையும் இணைத்திருக்கிறேன். ஐந்திலும் கடைசி வரியைப் பாருங்கள்: “ரோடு டெஸ்ட் செய்யப்பட்டது, பழுது ஏதும் இல்லை.”

பழுது இருக்கிறது. இரவு மழையில் நனைந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது. ஏசியைப் போட்டால் ஸ்டீயரிங் வரை குலுங்குகிறது. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் அழுத்தினால் இழுவையே இல்லை, செக் இன்ஜின் லைட் மினுக்குகிறது. இருபது நிமிடம் ஓடி, சூட்டில் ஈரம் காய்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ஈரத்தில் வருகிறது, சூட்டில் போகிறது, பாரம் ஏறினால் கூடுகிறது. இந்த மூன்றையும் சொன்ன பிறகும் பொறி தரும் இக்னிஷன் பக்கம் போகாமல், முதல் வேலையாகக் காற்று போகும் திராட்டில் பாடியையும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் கிளீன் செய்து ரூ.3,850 பில் போட்டது எந்தக் கணக்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உங்கள் சர்வீஸ் அட்வைசர் ஒருவர், பெயர் எழுதவில்லை, ஜாப் கார்டில் கையெழுத்து இருக்கிறது, சொன்னது இது: “சார், மழையில எல்லா வண்டியும் கொஞ்சம் அப்படித்தான். முடிஞ்சா மழை நாள்ல வண்டிய எடுக்காதீங்க.” வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் நான் வண்டியை என்ன செய்ய வேண்டும், துணி போட்டு மூடிக் கும்பிட வேண்டுமா?

மரியாதையாகவே எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நான்காவது முறை நடந்ததை நினைத்தால் முடியவில்லை. “மழை பெய்யும்போது கொண்டு வாங்க, அப்பத்தான் பார்க்க முடியும்” என்றீர்கள். வேலைக்கு லீவு போட்டு, கொட்டுகிற மழையில், மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருக்கும் வண்டியோடு காலை 9 மணிக்கு வந்தேன். இன்ஜினை அணைக்காமல் காட்டுகிறேன், ஒரு நிமிடம் ஸ்கேனர் மாட்டுங்கள் என்று கெஞ்சினேன். “டோக்கன் படிதான்” என்று சாவியை வாங்கி, கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போனார்கள். பகல் ஒன்றேகாலுக்குத்தான் ஒருவர் வந்தார். நாலு மணி நேரம் மூடிய பானெட்டுக்குள் இன்ஜின் சூடு, அதில் இருந்த ஈரமெல்லாம் ஆவியாகிப் போயிருந்தது. எடுத்து ஓட்டினார். அருமையாக ஓடியது! “பழுது ஏதும் இல்லை.” நனைந்தால் வரும் கோளாறைக் காயவைத்துப் பார்ப்பதற்கு ஒரு வாடிக்கையாளரின் முழு நாளை எடுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் வண்டியைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியிருப்பது சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, பொறிக்கு வேண்டிய வோல்ட்டைத் தரும் காயில் தனித்தனியாக உட்காரும் இன்ஜின் இது. காயிலிலிருந்து பிளக் வரை கரண்டைக் கொண்டுபோவது ரப்பர் பூட். அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். பிளக் குழிக்குள் ஈரம் இறங்கினால், பிளக் முனையில் பொறியாக வேண்டிய கரண்ட் பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் வெளிப்பக்கம் வழியாக இன்ஜின் உடம்புக்கே தாவிவிடும். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி அடிக்க இன்னும் அதிக வோல்ட் வேண்டும், அதனால் குறுக்கு வழி இன்னும் சுலபமாகிவிடுகிறது. மேம்பாலத்தில் திணறுவது இதனால்தான். இப்படி ஒரு முறை தாவினால் கருகிய கோடு விழும். பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு, பீங்கானில் ஒன்று, பூட்டின் உள்சுவரில் அதற்கு நேராக இன்னொன்று. கரி கரண்டைக் கடத்தும், ஆகவே அடுத்த ஈரத்துக்கு வழி தயார்.

இரண்டாவது முறை ரூ.2,960க்கு நான்கு பிளக்கும் மாற்றினீர்கள். ரப்பர் பூட்டை மாற்றவில்லை, திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கோடு விழுந்த பழைய பூட்டுக்குள் புதுப் பிளக்கைச் செருகினால் புதுப் பிளக்கிலும் அதே இடத்தில் கோடு விழும். விழுந்திருக்கிறது. பதினெட்டாவது நாள்.

கண்டுபிடிக்க மழைகூட வேண்டியதில்லை. செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே பாட்டில் போதும். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, காயிலில் கை படாமல், ஒரு காயிலைச் சுற்றி மட்டும் பனிபோலத் தெளித்து ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு அடுத்தது. மொத்தமாக நனைத்தால் எது என்று தெரியாது. பழைய ஒயர் வைத்த வண்டியாக இருந்தால் இருட்டில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். இதில் குழிக்குள்ளேயே தாவுவதால் தெரியாது, ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையை, அதாவது பொறி தவறிய தடவைகளை, பார்க்க வேண்டும். எங்கள் தெருமுனை மெக்கானிக் இதைச் செய்ய எடுத்துக்கொண்டது இருபது நிமிடம். மூன்றாவது சிலிண்டரில் தெளித்ததும் எண்ணிக்கை எகிறியது, மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் என்று சொல்லும் பிழை எண் பி0303 விழுந்தது. மூன்றாவது காயிலைப் பூட்டோடு இரண்டாவதில் மாற்றிப் போட்டுத் தெளித்தார், பிழை எண்ணும் இரண்டாவது சிலிண்டருக்கான பி0302 ஆக மாறியது. பிளக்குகளை இடம் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியென்றால் இன்ஜெக்டர் இல்லை, கம்ப்ரஷன் இல்லை, கோளாறு காயில்–பூட் பக்கம்தான். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கசிந்து குழியில் ஆயில் நிற்கிறதா என்றும் பார்த்தார். இல்லை, தண்ணீர்க்கறைதான் இருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் ஐந்து ஜாப் கார்டிலும் இல்லாத கேள்வி. வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் ஜாலியைக் கழற்றினால் அடியில் ஒரு தொட்டி. இரண்டு ஓரத்திலும் வடிகால் துளை. இடப்பக்கத் துளை புங்க இலை மக்கி அடைத்திருந்தது. கண்ணாடி அடியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் முன்சக்கரத்துக்குப் பின்னால் வடிய வேண்டும். இதில் தொட்டி நிரம்பி, விளிம்பின் ரப்பர் பட்டை தூக்கியிருந்த இடம் வழியாக நேரே மூன்றாவது காயிலின் தலையில் சொட்டியது. அந்தப் பட்டை உங்கள் தொழிற்சாலையில் ஒட்டியது. இப்போது நீங்கள் சொல்வதுபோல ரூ.4,200 கொடுத்துப் புதுக் காயில் போட்டாலும், இதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த மழைக்கு அதுவும் போகும்.

நீட்டிப்பு வாரண்டி இருக்கிறதே என்று கேட்டதற்கு, “தண்ணீர் பட்டுக் கெட்டது வெளிப்புறக் காரணம், வாரண்டியில் வராது” என்று பதில். மழை வெளியில்தான் பெய்யும், வேறு எங்கே பெய்யும்?

இன்னொன்று, இதுதான் ஆபத்தானது. லைட் மினுக்குகிறது என்று போன் செய்தபோது உங்கள் கால் சென்டர் பெண், “பரவாயில்லை சார், ஓட்டிட்டு வாங்க” என்றார். லைட் நின்று எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சூடேற்றிக் கெடுக்கிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறைத்து உடனே காட்ட வேண்டும். அவர் படித்தது எழுதிக்கொடுத்ததாகவே இருக்கட்டும், எழுதிக்கொடுத்தவர் யார்? கன்வெர்ட்டர் போனால் அந்தச் செலவும் உங்களுடையதுதான். லீவு, ஆட்டோ, அலைச்சல் எல்லாம் சேர்த்தால் எனக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாத நஷ்டம்.

தயவுசெய்து இதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது அதிகமில்லை. ரப்பர் பூட்டும் காயிலும் வாரண்டியில் மாற்ற வேண்டும், பிளக்கையும் கூடவே. பூட் விளிம்பின் உள்பக்கம் கரண்டைக் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய பூச்சு, காயில் போல்ட்டை முறுக்குவதற்கு முன் குழியைக் காற்றடித்துக் காயவைத்தல், ரப்பர் பட்டை மாற்றம், வடிகால் சுத்தம், பிறகு என் கண் முன்னால் தண்ணீர் ஊற்றி டெஸ்ட். தேவையில்லாமல் வாங்கிய ரூ.6,810 திரும்ப வர வேண்டும். அந்த அட்வைசர் மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுத்தில்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. போக விருப்பமில்லை. போக வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: நீங்கள் கழற்றிய பழைய பிளக்குகள் நான்கையும் அன்றே கேட்டு வாங்கி, சிலிண்டர் எண் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவதின் பீங்கானில் அந்தக் கறுப்புக் கோடு இருக்கிறது. மூன்று மாதமாக ஒரு டெக்னீஷியனாவது அதைப் பார்க்க வரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.